பேட்டும் பந்தும் மோதுற அந்த ஒரு மில்லி செகண்ட்: கோண உந்தம் வச்சு கணக்குப் போட முழு வழிகாட்டி

தை பொறந்து சம்பா அறுப்பு முடிஞ்சதும் எங்க பாபநாசம் பக்கத்துல, குடமுருட்டிக் கரை ஓரமா, உளுந்து தெளிக்காத வயல் எது எதுன்னு பசங்க தேட ஆரம்பிச்சிருவாங்க, ஏன்னா அதுதான் கிரவுண்டு. தாளை மம்பட்டியால செதுக்கி, தண்ணி தெளிச்சு, நடுவுல 22 கஜம் மட்டும் கெட்டி பண்ணிட்டா டோர்னமெண்ட் ரெடி. போன தையில அந்த மாதிரி ஒரு வரப்புல உக்காந்திருக்கும்போது தான் என் அக்கா மகன் ரெண்டு பேட்டைத் தூக்கிட்டு வந்தான். ரெண்டையும் மளிகைக்கடை தராசுல வச்சுப் பாத்துட்டான், ரெண்டும் சரியா 1.2 கிலோ. ஆனா ஒண்ணு கைல எடுத்து சுத்துனா இறகு மாதிரி இருக்கு, இன்னொண்ணு மணிக்கட்டை இழுக்குது. வாங்குன கடைல கேட்டதுக்கு ரெண்டும் ஒரே வெயிட்டு தான் தம்பி, எதை எடுத்தா என்னன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

"மாமா, தராசு தப்பா காட்டுதா?"

"தராசு சரிதான் மாப்ள, அது எடை எவ்வளவுன்னு தானே சொல்லும், எடை எங்க இருக்குன்னு சொல்லாதுல்ல."

இந்தப் பதிவு முழுக்க அந்த 'எங்க' பத்தி தான். பதினொண்ணாவது பிசிக்ஸ்ல நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருளைத் திருப்ப எவ்வளவு கஷ்டம்ங்கறது), கோண உந்தம் (அதை சுத்துற வேகத்தால பெருக்குனது)னு ரெண்டு பேரு வரும், தேர்வுக்கு மனப்பாடம் பண்ணிட்டு எல்லாரும் விட்டுருவோம். அந்த ரெண்டையும் வச்சு உங்க பேட்டுல எந்த இடத்துல பந்து பட்டா எவ்வளவு வேகமா போகும், எந்த இடத்துல பட்டா கை அதிரும், எட்ஜ்ல பட்டா ஏன் பேட்டு திரும்புது, இதெல்லாம் வீட்டுல இருக்குற சாமானை வச்சே அளந்து கணக்கு போட்டுறலாம். கொஞ்சம் பொறுமை வேணும், கால்குலேட்டர் வேணும், அவ்வளவுதான்.

முதல்ல மம்பட்டியை எடுங்க

எங்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் மம்பட்டி இருக்கும். அதைக் காம்பு நுனியில பிடிச்சு இடமும் வலமும் வேகமா ஆட்டிப் பாருங்க, இழுக்கும். அதே மம்பட்டியைத் தலைகீழா, இரும்பு இலைக்குப் பக்கத்துல பிடிச்சு காம்பை ஆட்டுங்க, விசுக்கு விசுக்குன்னு திரும்பும். எடை மாறல, நீங்க பிடிச்ச இடத்துலேர்ந்து இரும்பு எவ்வளவு தூரத்துல இருக்குங்கறது தான் மாறிச்சு. திருப்புறதுக்கு ஒரு பொருள் காட்டுற அந்த எதிர்ப்பு தான் நிலைமத் திருப்புத்திறன். இனிமே சுருக்கமா திருப்புத்திறன்னே சொல்றேன், எழுதி முடியல.

இதுல தூரம் ஸ்கொயர் ஆகி வரும், அதை மறந்துடாதீங்க. பிடியிலேர்ந்து 80 சென்டிமீட்டர் தள்ளி பேட்டோட அடிநுனியில 20 கிராம் சேத்தீங்கன்னா 0.02 × 0.8 × 0.8 = 0.0128 கூடும். அதே 20 கிராமை ரெண்டாவது கிரிப்பா ஹேண்டில்ல மாட்டுனா, சராசரி தூரம் 10 சென்டிமீட்டர்னு வச்சா, 0.0002 தான். அறுபத்து நாலு மடங்கு வித்தியாசம். மார்கழிப் பனியில நனைஞ்ச மண்ணுல பேட்டு நுனியை ஊனி ஊனி நிக்கிறோம்ல, அந்த மரம் குடிக்கிற தண்ணி எல்லாம் இந்தக் கணக்குல தான் வரும்.

அளவெடுக்கிறது

இதுதான் முக்கியமான வேலை, இதை அவசரப்பட்டு பண்ணா பின்னாடி வர்ற எல்லா நம்பரும் வீணாப் போகும், அதனால இங்க கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பேட்டோட நீளத்தை டேப் வச்சு அளங்க. சட்டப்படி அதிகபட்சம் 96.5 சென்டிமீட்டர், நம்ம பசங்க வச்சிருக்குற ஷார்ட் ஹேண்டில் பேட்டு 85 சென்டிமீட்டர் பக்கம் வரும். அடுத்து நிறை மையம். ஒரு இரும்பு ஸ்கேலை மேஜை மேல செங்குத்தா நிறுத்தி பிடிக்கச் சொல்லுங்க, அதோட விளிம்புல பேட்டைப் படுக்க வச்சு முன்னாடி பின்னாடி நகத்துனா எந்தப் பக்கமும் சாயாம நிக்கிற இடம் ஒண்ணு வரும், அங்க பென்சில்ல கோடு போடுங்க. மணிக்கட்டை இழுத்த பேட்டுல ஹேண்டில் உச்சியிலேர்ந்து 55 சென்டிமீட்டர்ல வந்துச்சு.

இப்ப ஊஞ்சல். பேட்டுல ஓட்டை போடக்கூடாது, அதனால ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் கம்பியை ஹேண்டில் உச்சியிலேர்ந்து 5 சென்டிமீட்டர் கீழ குறுக்க வச்சு, பிளேடோட அகலம் எந்தப் பக்கம் போகுதோ அதே பக்கமா கம்பி இருக்கணும், சணல் கயித்தால நல்லா இறுக்கிக் கட்டுங்க. ரப்பர் கிரிப்பைக் கழட்டிட்டு கட்டுனா இன்னும் நல்லது, ரப்பர் மேல கட்டுனா நெகிழும். கம்பியோட ரெண்டு முனையும் ரெண்டு மேஜை விளிம்புல உக்காரணும், பேட்டு நடுவுல தொங்கணும். நாங்க மாட்டுக் கொட்டகையில ரெண்டு பெஞ்சைப் பக்கத்துல பக்கத்துல போட்டு பண்ணோம். பேட்டு எந்தப் பக்கம் ஷாட் அடிக்குமோ அந்தப் பக்கமா தான் ஆடணும். லேசா, ஒரு அஞ்சாறு டிகிரி மட்டும் இழுத்து விடுங்க. பெருசா ஆட்டுனா இந்த பார்முலா நிக்காது.

போன்ல ஸ்டாப் வாட்ச் போட்டு 20 ஆட்டத்தை எண்ணுங்க, போய் திரும்பி வந்தா தான் ஒண்ணு. எங்களுக்கு 31.1 விநாடி வந்துச்சு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 1.555. இப்ப கணக்கு, கம்பி கட்டுன இடத்தைத் தான் பிடின்னு சொல்றேன்: பிடியைப் பொறுத்த திருப்புத்திறன் = ஆட்ட நேரம் ஸ்கொயர் × எடை × 9.8 × பிடிக்கும் நிறை மையத்துக்கும் உள்ள தூரம், எல்லாத்தையும் 39.48 ஆல வகுக்கணும். அந்த 39.48 எங்கேர்ந்து வந்துச்சுன்னா நாலு பை ஸ்கொயர். 2.418 × 1.2 × 9.8 × 0.5 ஐ 39.48 ஆல வகுத்தா 0.36 கிலோகிராம்-மீட்டர் ஸ்கொயர்.

இதுலேர்ந்து நிறை மையத்தைப் பொறுத்த திருப்புத்திறன் வேணும்னா இணை அச்சுத் தேற்றம்: 0.36 லேர்ந்து எடை × தூரம் ஸ்கொயர், அதாவது 1.2 × 0.5 × 0.5 = 0.30 ஐ கழிச்சா 0.06. ரெண்டு பெரிய நம்பரைக் கழிச்சு ஒரு சின்ன நம்பர் எடுக்கிறோம் பாத்தீங்களா, இது ஆபத்தான கழித்தல். ஸ்டாப் வாட்ச்ல 0.2 விநாடி கூடுதலா அமுக்கிட்டா 0.06 போய் 0.065 ஆயிடும். அதனால மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க, முடிஞ்சா 50 ஆட்டம் எண்ணுங்க. அக்கா மகன் முதல் தடவை எண்ணும்போது தள்ளி விட்ட உடனே 'ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சுட்டான், அங்க பூஜ்யம்னு தான் ஆரம்பிக்கணும், அந்த ஒரு தப்புல பதில் தாறுமாறா போச்சு.

இன்னொரு பேட்டுக்கு, அதே 1.2 கிலோ தான், நிறை மையம் 52 ல வந்துச்சு, 20 ஆட்டம் 30.4 விநாடி. நேரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, கணக்குப் போட்டா பிடியைப் பொறுத்த திருப்புத்திறன் 0.323 தான் வருது. பத்து சதவீதம் கம்மி. கைல எடுத்ததும் இறகு மாதிரி இருந்த பேட்டு இதுதான். நேரம் ஏன் பெருசா மாறலன்னா, கனம் கீழ இறங்கும்போது திருப்புறது கஷ்டமாகுது, அதே சமயம் புவியீர்ப்பு இழுக்கிற திருப்பு விசையும் கூடுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிரும்.

நட்டும் நூலும்

கணக்கே போடாம ஒரு விஷயத்தைக் கண்ணால பாக்கணும்னா இதைப் பண்ணுங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை இது. டிராக்டர் நட்டு ஒண்ணை நூல்ல கட்டி, பேட்டு தொங்குற அதே கம்பி உயரத்துலேர்ந்து பக்கத்துலயே தொங்க விடுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல விடுங்க. நூல் நீளமா இருந்தா நட்டு பின்தங்கும், குட்டையா இருந்தா முந்தும். நூலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கி, ரெண்டும் ஒண்ணா போய் ஒண்ணா வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க. எங்களுக்கு 60 சென்டிமீட்டர்ல ஒத்துப்போச்சு, நட்டோட நடுவு வரைக்கும் அளந்தா. பத்து ஆட்டம், பதினஞ்சு ஆட்டம் ஆகியும் பேட்டும் நட்டும் பிரியல, கொட்டகைல இருந்த எங்க அம்மாவும் கூட நின்னு பாத்துட்டுப் போனாங்க.

அந்த நட்டு பேட்டுல எந்த இடத்துக்கு நேரா நிக்குதோ, அதுக்கு மோதல் மையம்னு பேரு. 1673 லயே ஹைகன்ஸ்ங்கற டச்சு விஞ்ஞானி ஊசல் கடிகாரத்துக்காக இந்த சம நீளத்தைக் கணக்கு பண்ணி வச்சுட்டாரு. பார்முலாவுல போட்டாலும் அதே தான்: 0.36 ஐ 1.2 × 0.5 ஆல வகுத்தா 0.60. உச்சியிலேர்ந்து 65 சென்டிமீட்டர், அடிநுனியிலேர்ந்து பாத்தா 20 சென்டிமீட்டர் மேல. இங்க பந்து பட்டா கைக்கு உதை வராது. ஏன்னு கீழ நம்பரோட காட்டுறேன்.

எந்தப் புள்ளியில கணக்கு வைக்கிறது

பரீட்சையில பசங்க பண்ற பெரிய தப்பு இங்க தான். நேர்கோட்டு உந்தம், அதாவது எடை × வேகம், மாறாதுன்னு எழுதி, பேட்டை ஒரு 1.2 கிலோ கல்லு மாதிரி வச்சு பந்தோட மோத விட்டுருவாங்க. பேட்டை ஆணியில மாட்டி சுத்த விட்டிருந்தா அந்த ஆணியும் மோதலப்போ ஒரு தள்ளு தள்ளும், அதனால நேர்கோட்டு உந்தம் அங்க மாறாம இருக்காது. ஆனா அந்தத் தள்ளு ஆணி இருக்குற இடத்துலயே விழுறதால, ஆணியைப் பொறுத்து அதுக்குத் திருப்பு விசை கிடையாது. அதனால ஆணிப் புள்ளியைப் பொறுத்து கோண உந்தக் கணக்கு எழுதுனா ஆணி என்ன பண்ணுச்சுன்னு தெரியாமலே கணக்கு முடியும். தெரியாத விசை எங்க இருக்கோ அங்க போய் உக்காந்து கணக்கு எழுதுங்க, நான் டியூஷன் பசங்களுக்கு சொல்ற ஒரே டெக்னிக் இதுதான்.

சரி, கை ஆணியா? இல்ல. லெதர் பந்து பேட்டுல ஒட்டியிருக்கிற நேரம் ஒரு மில்லி செகண்ட் பக்கம். அதுக்குள்ள ஹேண்டில் நகர்றது சில மில்லிமீட்டர் தான், அவ்வளவு நகர்வுக்கு உள்ளங்கைத் தோலும் கிளவுஸும் நசுங்கிக் குடுத்துரும். அதுவும் போக, மோதல் பேட்டுல ஒரு அதிர்வா ஹேண்டிலுக்குப் போய் திரும்பி வர்றதுக்குள்ள பந்து கிளம்பியிருக்கும். அதனால அந்த ஒரு மில்லி செகண்டுக்கு மட்டும் பேட்டு காத்துல தனியா பறக்குதுன்னு வச்சு கணக்கு போட்டா உண்மைக்குக் கிட்டத்துல வரும். இறுக்கிப் பிடிச்சா பந்து வேகமா போகும்னு ஊர்ல சொல்ற கோச்சுங்க நிறைய பேரு, பந்து போற வேகத்துக்கும் பிடிக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. மோதலுக்கு முன்னாடி பேட்டைக் கொண்டு வந்து சேக்குறதுக்கு தான் பிடி.

பந்து எவ்வளவு வேகமா போகும்

பேட்டு முழு எடையும் மோதல்ல கலந்துக்காது. நிறை மையத்துலேர்ந்து தள்ளிப் பட்டா பேட்டு பின்னாடியும் போகும், திரும்பவும் செய்யும், ரெண்டுமே பந்துக்கு விட்டுக்குடுக்கறது தான். அதனால அந்த இடத்துல பந்து உணர்ற எடை குறையும். அதுக்கு நான் வேலை செய்யிற எடைன்னு பேரு வச்சிருக்கேன்: எடையை (1 + எடை × தூரம் ஸ்கொயர் ÷ நிறை மையத் திருப்புத்திறன்) ஆல வகுக்கணும். தூரம்னா நிறை மையத்துலேர்ந்து பந்து பட்ட இடம் வரைக்கும். மோதல் மையத்துல 10 சென்டிமீட்டர், அதனால 1.2 ÷ (1 + 1.2 × 0.01 ÷ 0.06) = 1.2 ÷ 1.2 = 1.0 கிலோ. நுனியிலேர்ந்து 5 சென்டிமீட்டர்ல பட்டா தூரம் 25, வேலை செய்யிற எடை 0.53 கிலோ தான். பாதிக்கும் கம்மி.

அடுத்து, பந்தோட எடையை இதால வகுங்க. கிரிக்கெட் பந்து 156 லேர்ந்து 163 கிராம், 0.16 னு வச்சுக்குவோம். இந்த விகிதம் மோதல் மையத்துல 0.16, நுனிகிட்ட 0.3. மீட்சிக் குணகம், அதாவது மோதிப் பிரியுற வேகம் ÷ நெருங்கி வந்த வேகம், லெதர் பந்துக்கு இந்த வேகத்துல சுமார் 0.5. இப்ப திரும்பு விகிதம் = (0.5 கழித்தல் விகிதம்) ÷ (1 கூட்டல் விகிதம்). பந்து வெளிய போற வேகம் = திரும்பு விகிதம் × பந்து வந்த வேகம், அதோட (1 + திரும்பு விகிதம்) × அந்த இடத்துல பேட்டோட வேகம். மீட்சிக் குணகத்தோட வரையறையையும் பேட்டோட நேர் உந்தம், கோண உந்தம் ரெண்டையும் சேத்து எழுதி சுருக்குனா இது தான் வரும், ஒரு தடவை நீங்களே பேப்பர்ல போட்டுப் பாருங்க, பத்து வரி.

பந்து மணிக்கு 90 கிலோமீட்டர்ல, அதாவது விநாடிக்கு 25 மீட்டர்ல வருதுன்னு வைங்க. பேட்டு பிடியைச் சுத்தி விநாடிக்கு 30 ரேடியன், அதாவது அஞ்சு சுத்துக்குக் கிட்ட, வேகத்துல வருது. அப்ப நிறை மையம் 15 மீட்டர் வேகம், மோதல் மையம் 18, நுனிகிட்ட, உச்சியிலேர்ந்து 80 ல, 22.5. கீழ இறங்க இறங்க பேட்டோட வேகம் கூடுது, வேலை செய்யிற எடை குறையுது, இந்த இழுபறியில பந்து ரொம்ப வேகமா போற இடம் தான் ஸ்வீட் ஸ்பாட். நம்பரைப் பாருங்க: நிறை மையத்துல பட்டா பந்து 27.9 மீட்டர் வேகத்துல போகும். நுனியிலேர்ந்து 20 சென்டிமீட்டர்ல 30.6. நுனியிலேர்ந்து 15 ல 30.9. நுனியிலேர்ந்து 10 ல 30.65. அஞ்சுல 29.8. உச்சம் 15 ல வருது, ஆனா எவ்வளவு தட்டையா இருக்கு பாருங்க, 10 லேர்ந்து 20 வரைக்கும் வித்தியாசமே தெரியாது. நிஜ பேட்டுல நுனிப்பக்கம் இன்னும் கொஞ்சம் குறையும், ஏன்னா அங்க பட்டா பேட்டு அதிர்ந்து சக்தியைத் தின்னுரும், மீட்சிக் குணகம் 0.5 லயே நிக்காது.

அந்த அதிர்வு குறைவான இடத்தைக் காதாலயே கண்டுபிடிக்கலாம். ஹேண்டிலை ரெண்டு விரலால லேசா தொங்க விட்டுப் பிடிச்சு, பந்தால நுனியிலேர்ந்து மேல வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல விரலுக்கு ஒண்ணுமே தெரியாது, சத்தமும் மாறும்.

பேட்டை அசைக்காம வச்சு தடுக்கும்போது கதை வேற. பேட்டு வேகம் பூஜ்யம்னா வெறும் திரும்பு விகிதம் தான் மிச்சம், அது நிறை மையத்துல தான் ஜாஸ்தி, 0.32. வேகப் பந்தை சும்மா பேட்டைக் காட்டி கேப்ல விடுறவங்களுக்கு பிளேடோட மேல்பகுதி நல்லா பேசும். ஸ்பின்னுக்கு இறங்கி சுத்துறவனுக்குக் கீழ்ப்பகுதி.

கைக்கு என்ன ஆகுது

மோதல் மையத்துல பட்ட அந்த 30.6 ஐயே எடுத்துக்குவோம். பந்துக்குக் கிடைச்ச கணத்தாக்கு, அதாவது எடை × வேக மாற்றம், 0.16 × (25 + 30.6) = 8.9. அதே அளவு பேட்டுக்கு எதிர்ப்பக்கம். நிறை மையம் 8.9 ÷ 1.2 = 7.4 குறைஞ்சு 15 லேர்ந்து 7.6 ஆகும். சுழற்சி 8.9 × 0.1 ÷ 0.06 = 14.8 குறைஞ்சு 30 லேர்ந்து 15.2 ஆகும். இப்ப பிடி இருக்குற இடம், நிறை மையத்துலேர்ந்து 50 சென்டிமீட்டர் மேல, அங்க வேகம் 7.6 லேர்ந்து 0.5 × 15.2 ஐ கழிச்சா பூஜ்யம். பேட்டோட சுழற்சி பாதியாயிடுச்சு, ஆனா பிடிக்கு ஒண்ணுமே தெரியல. நடு பிளேடுல பட்டா 'பட்டதே தெரியல மாமா'ன்னு பசங்க சொல்றது இதைத்தான்.

பிடியைப் பொறுத்த கோண உந்தக் கணக்கையும் சரிபாத்துக்குங்க. மோதலுக்கு முன்னாடி பேட்டுக்கு 0.36 × 30 = 10.8, பந்துக்கு எதிர்ப்பக்கமா (எடை × வேகம் × பிடியிலேர்ந்து தூரம்) 0.16 × 25 × 0.6 = 2.4, மிச்சம் 8.4. அப்புறம் பேட்டுக்கு 0.36 × 15.2 = 5.46, பந்துக்கு 0.16 × 30.6 × 0.6 = 2.94. கூட்டுனா 8.4. வரவு செலவு ஒட்டுது.

இப்ப நுனிகிட்ட பட்டா? கணத்தாக்கு கிட்டத்தட்ட அதே 8.8 தான், ஆனா தூரம் 25 சென்டிமீட்டர். சுழற்சியில 36.5 குறையும், இருந்ததே 30 தான், அதனால பேட்டு தலைகீழா 6.5 வேகத்துல எதிர்ப்பக்கம் சுத்தும். பிடி இருக்குற இடம் பவுலர் பக்கமா விநாடிக்கு 11 மீட்டர் வேகத்துல பாயும். விரலை பிச்சுக்கிட்டு போற மாதிரி இருக்குமே, குளிர் காலத்துல காலையில ஆடும்போது எலும்பு வரைக்கும் ஏறுமே, அதுதான். நிறை மையத்துல பட்டா நேர்மாறா, பிடி கீப்பர் பக்கமா 7 மீட்டர் வேகத்துல உள்ளங்கையில உதைக்கும். கை எந்தப் பக்கம் உதை வாங்குச்சுன்னு கவனிச்சாலே பந்து மோதல் மையத்துக்கு மேல பட்டுச்சா கீழ பட்டுச்சான்னு சொல்லிறலாம்.

ஒரு எச்சரிக்கை, நிஜமா சுத்தும்போது பேட்டு ஹேண்டில் உச்சிகிட்ட இருக்குற புள்ளியை மட்டும் சுத்தல, மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் சேந்து நகரும், அதனால மோதல் மையம் ஷாட்டுக்கு ஷாட் கொஞ்சம் இடம் மாறும்.

எட்ஜ்ல பட்டா

பேட்டை நீளவாட்டுல ஒரு கம்பி குத்தி திருகுற மாதிரி நினைச்சுக்குங்க, அந்த அச்சுக்கும் ஒரு திருப்புத்திறன் உண்டு. பிளேடு 1 கிலோ, அகலம் 10.8 சென்டிமீட்டர்னு வச்சா 1 × 0.108 × 0.108 ÷ 12, சுமார் 0.001. மேல பாத்த 0.06 ஓட ஒப்பிட்டா அறுபதுல ஒண்ணு. இதனால தான் பேட்டு கைல டக்குன்னு திரும்பிருது. பந்து நடுவுலேர்ந்து 4 சென்டிமீட்டர் ஓரமா பட்டா, பந்து எடை ÷ வேலை செய்யிற எடைன்னு மேல பாத்த விகிதத்துல 0.16 × 0.0016 ÷ 0.001 = 0.256 கூடுதலா சேத்துக்கணும். 0.16 ஆ இருந்தது 0.416 ஆகும். திரும்பு விகிதம் 0.06 க்கு விழுந்துரும், பந்து 30.6 க்கு பதிலா 20.5 வேகத்துல போகும். பந்து பேட்டை விட்டுப் பிரியறதுக்குள்ளயே பேட்டு 8 டிகிரி பக்கம் திரும்பிரும், அதனால தான் லாங் ஆன்ல போக வேண்டியது மிட் விக்கெட்ல நிக்கிறவன் கைக்குப் போகுது.

முதுகுல நடுவுல மரத்தை எடுத்துட்டு ஓரத்துல தடிமனா விடுறாங்களே, அது அழகுக்கு இல்ல. ஓரத்துக்கு மரம் போனா இந்தத் திருப்புத்திறன் கூடும். 20 சதவீதம் கூட்டுனா அதே 4 சென்டிமீட்டர் தப்பான அடி 22 வேகத்துல போகும். ஓரம் ரொம்பத் தடிச்சுப் போனதால தான் 2017 அக்டோபர்லேர்ந்து எட்ஜ் 40 மில்லிமீட்டருக்கு மேல, ஆழம் 67 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நான் அதை ஆதரிக்கிறேன், தப்பா அடிச்ச பந்து சிக்ஸ் போனா பவுலர் என்ன தான் பண்ணுவான்.

2010 ஐபிஎல்ல ஹெய்டன் சென்னைக்காக ஒரு குட்டை பிளேடு, நீள ஹேண்டில் பேட்டோட இறங்குனது ஞாபகம் இருக்கா, மங்கூஸ். டெல்லியில 43 பந்துல 93 அடிச்சாரு. ஹேண்டிலை நீளமாக்கி, பிளேடைக் குட்டையாக்கி, மரம் எல்லாத்தையும் அடிக்கிற இடத்துல குவிச்சு வச்ச பேட்டு அது. தடுத்து ஆட லாயக்கில்ல, ஏன்னா மேல பிளேடே கிடையாது.

டென்னிஸ் பந்துக்கு இதே கணக்கு

எங்க டெல்டா டோர்னமெண்ட் முக்கால்வாசி டென்னிஸ் பந்து தான், அதனால இதை விட்டுட்டுப் போக மனசு வரல. டென்னிஸ் பந்து 58 கிராம் பக்கம். பந்து எடை ÷ வேலை செய்யிற எடை மோதல் மையத்துல 0.058, நுனிகிட்டயே 0.11 தான். ஒப்பிட்டுப் பாக்க மீட்சிக் குணகத்தை 0.5 லயே வச்சு அதே வேகத்துக்குப் போட்டா, மோதல் மையத்துல 36, நுனிகிட்ட 39. லெதர் பந்துக்கு நுனியில குறைஞ்சது, இதுக்கு கூடுது! பந்து அவ்வளவு லேசா இருக்குறதால பேட்டு எவ்வளவு கனமா நிக்குதுங்கறது முக்கியமில்லாம போயிடுது, எவ்வளவு வேகமா வருதுங்கறது தான் பேசும். வேகமா சுத்தணும்னா பிடியைப் பொறுத்த திருப்புத்திறன் கம்மியா இருக்கணும். அப்ப டென்னிஸ் பந்துக்கு 0.36 பேட்டை விட 0.323 பேட்டு தான் தோது, தராசு ரெண்டுக்கும் ஒரே நம்பர் காட்டுனாலும்.

அக்கா மகன் இதை நம்பல. அதனால பந்துல சாக்பீஸ் தூளைத் தடவி, ஒவ்வொரு பேட்டுலயும் முப்பது பந்து போடச் சொல்லி, பட்ட தடத்தை எல்லாம் நுனியிலேர்ந்து டேப் வச்சு அளந்தோம். கனமா இருந்த பேட்டுல தடம் எல்லாம் 6 லேர்ந்து 10 சென்டிமீட்டருக்குள்ள, பாதி ஓரத்துல. பேட்டு லேட்டா வந்து சேந்திருக்கு. லேசான பேட்டுல 11 லேர்ந்து 17 க்குள்ள, நடுவுல. அவன் ஒண்ணும் பேசாம கனமான பேட்டோட நுனியைத் தடவிப் பாத்தான், ஈரத்துல ஊறி நாரு நாரா விரிஞ்சிருந்துச்சு. "காய வச்சு, செதுக்கி, மறுபடி தொங்க விட்டு எண்ணுவோமா மாமா"ன்னு கேட்டான். இப்ப அது கொட்டகை உத்திரத்துல காஞ்சுக்கிட்டு இருக்கு, பக்கத்துலயே அந்த நட்டும் நூலும்.